50-ஆ, 55-ஆ? 51 கிலோ போன பிறகு ஃப்ளைவெயிட் பையன்கள் எந்த எடையில் இறங்குவது

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கம் பாக்ஸிங் பழகும் ஒல்லிப் பையன்கள் இப்போது கேட்பதெல்லாம் ஒரே கேள்விதான்: "மாஸ்டர், 51 இல்லைன்னா நான் எதுல ஆடுறது?" பாலக்காட்டுக்குப் பஸ் ஏறுகிறவனும் கேட்கிறான், எல்லை தாண்டிக் கோவையில் பயிற்சி எடுக்கிறவனும் கேட்கிறான். வீட்டில் அப்பா அம்மாவுக்கும் இதே குழப்பம்.

நடந்தது இதுதான். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆண்களுக்கு மிகக் குறைந்த எடை 51 கிலோ, அதாவது ஃப்ளைவெயிட். உலகப் போட்டிகளில் 48, 51, 54, 57 என்று மூன்று மூன்று கிலோவாகப் படி இருந்தது. வேர்ல்ட் பாக்ஸிங் என்ற புதிய உலக அமைப்பு 2025-இல் அந்தப் படிகளை மாற்றிவிட்டது. இப்போது ஆண்களுக்கு 50, 55, 60, 65 என்று ஐந்து ஐந்து கிலோவாகப் போகிறது. 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் ஆண்கள் எடை 55-இல்தான் தொடங்குகிறது. 50 கிலோ உலகப் போட்டியில் உண்டு, ஒலிம்பிக்கில் கிடையாது.

ஆகவே காலையில் 50.2 கிலோ காட்டும் பையனும் 55-இல்தான் நிற்க வேண்டும், இல்லையென்றால் இறங்க வேண்டும். 51, 52, 53 என்று இருக்கும் பையன்களுக்குத்தான் இது பெரிய இடி. இந்தப் பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கம் பாக்ஸிங்குக்கு வரும் பையன்களில் பாதிப் பேர் அந்த உடம்புக்காரர்கள்.

## முடிவு எடுக்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்

நிஜமான எடை. போட்டிக்கு முந்தைய நாள் எடை எதற்கும் உதவாது. வழக்கம்போல் சாப்பிட்டு, தண்ணீர் குடித்து, பயிற்சி செய்யும் ஒரு சாதாரண வாரத்தில், தினமும் காலைக்கடன் முடித்து வெறும் வயிற்றில் எடை பார்த்து எழுதிவையுங்கள். இரண்டு வாரச் சராசரிதான் பையனின் எடை. எப்போதும் ஒரே தராசில் பாருங்கள். ரேஷன் கடைத் தராசும் ஜிம் தராசும் ஒன்றுக்கொன்று அரைக் கிலோ முரண்டு பிடிக்கும்.

வயதும் வளர்த்தியும். பதினேழு வயதுப் பையனுக்கு எலும்பு இன்னும் நீள்கிறது. இருபத்து மூன்றில் அது நின்றுவிட்டது. இரண்டு பேரும் 52 கிலோ என்பதால் இரண்டு பேருக்கும் ஒரே பதில் ஆகாது. அப்பா, தாய்மாமன் உயரத்தையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

எதற்காக ஆடுகிறான். ஒலிம்பிக்கா, இந்திய அணியா, பட்டாளத்திலோ ரயில்வேயிலோ ஒரு வேலையா? இதை வெளிப்படையாகப் பேசாத வீடுகளில்தான் பின்னால் மனக்கசப்பு வருகிறது. வேலைக்காக ஆடுவதில் எந்தக் குறையும் இல்லை. அதைச் சொல்லிவிட்டால் கணக்கு எளிதாகும்.

தினமும் தராசு. பலருக்கு இது பிடிபடுவதில்லை. தொழில்முறை பாக்ஸிங்கில் முந்தைய நாள் ஒரு தடவை எடை பார்த்தால் போதும், அப்புறம் ஒரு முழு நாள் சாப்பிட்டுத் தேறிக்கொள்ளலாம். நம் பையன்கள் ஆடும் அமெச்சூர் பாக்ஸிங்கில் பவுட் (மோதல்) உள்ள ஒவ்வொரு நாள் காலையும் எடை. எடை முடிந்து மூன்று மணி நேரத்திலேயே மணி அடித்துவிடலாம். இறுதிப் போட்டி வரை போகிறவன் ஒரே வாரத்தில் நாலைந்து தடவை தராசில் ஏறி, நாலைந்து தடவை அடி வாங்கி, மறுபடி அதே எடையில் நிற்க வேண்டும். ஒரு நாளுக்குப் பிடிக்கிற எடை வேறு, ஒரு வாரத்துக்குப் பிடிக்கிற எடை வேறு.

எதிரில் யார். பழைய 51-காரர்கள் மேலே ஏறுகிறார்கள். 57-இல் இருந்தவர்களில் இறங்க முடிந்தவர்கள் கீழே வருகிறார்கள். இருவரும் சந்திக்கிற இடம் 55.

## 50 கிலோ

இதில் இறங்கலாம் என்று நான் சொல்வது ஒரு வகைப் பையனுக்கு மட்டும்: நிஜ எடை 51.3-க்குள், வளர்த்தி நின்றுவிட்டது, குள்ளம், எலும்பு சன்னம். அவனுக்கு 50 இயல்பான இடம். பழைய 48-இல் ஆடியவர்களுக்கும் இதுவே.  கடைசி இரண்டு மூன்று நாள் கீரை, கிழங்கு, பழத்தோல் போன்ற சக்கை உள்ள சாப்பாட்டைக் குறைத்து, உப்பையும் கட்டுப்படுத்தினால் அந்தக் கொஞ்சமும் இறங்கும். தண்ணீரை நிறுத்த வேண்டிய அவசியமே வராது.

50-இல் கிடைப்பதும் கொஞ்சம் இல்லை. 2025 செப்டம்பரில் லிவர்பூலில் நடந்த உலகப் போட்டியில் மணிப்பூரின் ஜாதுமணி சிங் இந்த எடையில் காலிறுதி வரை போனார். மாநிலச் சாம்பியன், தேசியப் பதக்கம், இந்திய அணிச் சட்டை எல்லாம் இந்த எடையிலும் உண்டு. வேலைக்கும் இது பயன்படும். மத்திய அரசு விளையாட்டு ஒதுக்கீட்டில் சர்வதேசப் போட்டிக்குப் படிவம் 1, தேசியப் போட்டிக்கு 2, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்கு 3, தேசியப் பள்ளி விளையாட்டுக்கு 4 என்று சான்றிதழ் கேட்பார்கள். பாக்ஸிங் பட்டியலில் உள்ள விளையாட்டா, எந்த மட்டத்தில் ஆடினான் என்பதே அங்கே பார்க்கப்படும். ஒலிம்பிக் எடையா என்ற கேள்வி வராது. இருபத்து இரண்டு வயது, 51 கிலோ, வீட்டுக்கு ஒரு சம்பளம் தேவை என்றால் 50-இல் ஆடி ஒரு தேசியப் பதக்கம் வாங்குவது மிக நல்ல முடிவு.

சரி, கண்ணுக்குத் தெரியாத செலவு என்ன?

ஒலிம்பிக்கை இலக்காக வைத்து நடக்கும் உதவித் திட்டங்களிலும் வெளிநாட்டுப் பயிற்சிகளிலும் ஒலிம்பிக் எடைக்காரர்களுக்கே முதலிடம். 50-இல் இந்தியாவின் முதல் ஆளாக ஆனாலும் 2028-இல் வீட்டில் உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும். அப்போது 55-க்குப் போகிறேன் என்றால், மூன்று வருடம் அந்த எடையில் அடித்துப் பழகியவர்கள் அங்கே ஏற்கெனவே நிற்பார்கள்.

உடம்புக்கு ஆகும் செலவு இன்னும் பெரியது. நிஜ எடை 53 உள்ள பையன் 50-க்கு இறங்க வேண்டுமென்றால் உடம்பில் கிட்டத்தட்ட ஆறு சதவீதம் போக வேண்டும். ஒல்லிப் பையனிடம் அவ்வளவு கொழுப்பு எங்கே இருக்கிறது? போவது தண்ணீரும் சதையும்தான். இரண்டு சதவீதம் தண்ணீர் வற்றினாலே ஓட்டத் திறன் குறையத் தொடங்கும். மாவட்டப் போட்டிகளுக்குப் போய்ப் பாருங்கள். பங்குனி வெயிலில், கணவாய்க் காற்று அனலாக அடிக்கும் நேரத்தில், மழைக்கோட்டுப் போட்டுக்கொண்டு மைதானத்தைச் சுற்றும் பையன் ஒருவனாவது இருப்பான். கையில் மினரல் வாட்டர் பாட்டில். அதில் தண்ணீர் இருக்காது. பபுள்கம் மென்று மென்று அவன் துப்பிய எச்சில் இருக்கும். உதடு வெடித்து, கண் குழி விழுந்து, தராசில் 50.0 காட்டியதும் ஒரு பாட்டில் குளுக்கோஸை ஒரே மடக்கில் குடிப்பான். முதல் ரவுண்டு நன்றாகவே ஆடுவான். இரண்டாவது ரவுண்டு நடுவில் கை இறங்கும். மூன்றாவதில் கால் நகராது. வெளியே நிற்கிறவர்கள் "ஸ்டாமினா பத்தலை" என்பார்கள். பிரச்சினை ஸ்டாமினா இல்லை, அந்த உடம்பில் தண்ணீர் இல்லை.

உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது தலையில் விழும் அடி கூடுதல் ஆபத்து என்று விளையாட்டு மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். மூளையைச் சுற்றி மெத்தைபோல் இருக்கும் திரவமும் அதே தண்ணீரிலிருந்து வருவதுதான். 2013-இலிருந்து சர்வதேசப் போட்டிகளில் மூத்த ஆண்கள் தலைக்கவசம் இல்லாமல்தான் மோதுகிறார்கள் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். சிறுநீர் அதிகம் போக வைக்கும் மாத்திரையை மெடிக்கலில் வாங்கிப் போட்டு எடை இறக்கும் பழக்கம் இருக்கிறது. ஃபுரோஸமைட் போன்ற அந்த மாத்திரைகள் எல்லாமே உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் தடைப் பட்டியலில் உள்ளவை. போட்டி நாளில் மட்டும் அல்ல, எந்த நாளில் பிடிபட்டாலும் குற்றம். தடை வந்தால் வருடக்கணக்கில் ரிங் பக்கம் போக முடியாது. யாராவது சீனியர் ஒரு மாத்திரையை நீட்டினால், அது என்ன பெயரில் வந்தாலும், வேண்டாம்.

## 55 கிலோ

நிஜ எடை 52-க்கு மேல் என்றால் என் பதில் 55. இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

"மாஸ்டர், அங்க எல்லாரும் ஆறடி இருப்பாங்களே" என்பதுதான் பையன்களின் பயம். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. 58, 59 கிலோவில் நடமாடிவிட்டு 55-க்கு இறங்கி வருகிறவன் உன்னைவிட உயரமாக இருப்பான், கை நீளமாக இருக்கும். முதல் வருடம் ஜாப் (முன் கையால் நேராக விடும் குத்து) நிறைய வாங்குவாய். உள்ளே நுழையும் கால் வேலை, தலை அசைவு, விலாவில் அடிப்பது இவையெல்லாம் கைவரும் வரை தோல்வி வரும். 55-இன் உண்மையான விலை அந்த ஒரு வருடத் தோல்விகள்தான். மாநிலத்தில் 51-இல் தங்கம் வாங்கியவன் 55-இல் முதல் சுற்றிலேயே வெளியேறலாம். அந்த வருடம் சான்றிதழ் வராது, கல்லூரி ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் இடிக்கும், ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். இதைத் தாங்க வீடு தயாரா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

எடை ஏறிப் போனவர்களுக்கு என்ன ஆனது என்பதற்கு உலக பாக்ஸிங்கிலேயே அருமையான எடுத்துக்காட்டு இருக்கிறது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் 49 கிலோ இறுதிப் போட்டியில் உஸ்பெகிஸ்தானின் ஹசன்பாய் துஸ்மதோவ், கொலம்பியாவின் யூபர்ஜென் மார்ட்டினெஸை வென்றார். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு 49 கிலோ இறுதியில் நம் அமித் பங்கல் அதே துஸ்மதோவை வென்றார். அப்புறம் டோக்கியோ ஒலிம்பிக்கில் 49 கிலோவே எடுக்கப்பட்டது. மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் ஒரே பிரச்சினை: 52-க்கு ஏற வேண்டும்.

பங்கல் உடனே ஏறினார். 2019-இல் 52 கிலோவில் ஆசியச் சாம்பியன், அதே வருடம் உலகப் போட்டியில் வெள்ளி. உலகப் போட்டி இறுதி வரை போன முதல் இந்திய ஆண் அவர்தான். பெரிய ஆகிருதி இல்லாத மனிதர், உயரமான எதிரிகளுக்கு நடுவில் இதைச் செய்தார். டோக்கியோவில் முதல் பவுட்டிலேயே தோற்றது உண்மை. ஆனால் அவரைத் தோற்கடித்தவர் யார்? அவரைப்போலவே 49-இலிருந்து ஏறி வந்த மார்ட்டினெஸ். அந்தத் தோல்வியை எடை ஏறியதன் மேல் போட முடியாது.

துஸ்மதோவ் டோக்கியோவுக்குப் போகவே இல்லை. உஸ்பெகிஸ்தானில் அந்த எடையில் ரியோ சாம்பியன் சோயிரோவ் இருந்தார். துஸ்மதோவ் காத்திருந்தார், உடம்பைத் தயார் செய்தார், 2024 பாரிஸில் 51 கிலோ தங்கத்தை எடுத்தார். இரண்டு தங்கத்துக்கும் நடுவில் எட்டு வருடம்.

அவர்கள் ஏறியது மூன்று கிலோ. 52.5 கிலோவில் நிற்கும் நம் பையன் ஏற வேண்டியது இரண்டு, இரண்டரை கிலோதான். 55-இல் ஆட சரியாக 55 இருக்க வேண்டியதில்லை. காலை எடை 54-க்கு மேல் நின்றால் போதும். எடை பார்க்கும் நாளிலும் தண்ணீர் குடித்து, வயிறாரச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி எழுந்து தராசில் ஏறலாம். ஒரு வாரப் போட்டியில் நாலாவது பவுட்டில் இதன் அருமை தெரியும்.

### அந்த இரண்டரை கிலோ எங்கிருந்து வரும்

இங்கேதான் சமையலறை நுழைகிறது. பவுடர் டப்பா வாங்கித் தரச் சொல்லிப் பையன்கள் அழுவார்கள். தேவையில்லை, சில மலிவு டப்பாக்களில் தடை மருந்துக் கலப்படமும் இருக்கும். 55 கிலோ உடம்புக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 90 கிராம் புரதம் வேண்டும். நாலு முட்டையில் 24 கிராம் வந்துவிடும். ஒரு நேரம் மத்தி, சுத்தம் செய்த மீனாக நூற்றைம்பது கிராம் தட்டில் விழுந்தால் 30 கிராம். இரண்டு டம்ளர் பால், ஒரு கை நிலக்கடலை, கொள்ளோ பயறோ ஒரு கிண்ணம், மீதி சோற்றிலிருந்தே வரும். மீன் சாப்பிடாத வீடென்றால் தயிரும் பருப்பும் கூட வேண்டும். பயிற்சி முடிந்து அரை மணிக்குள் மட்டை அரிசிக் கஞ்சியும் பயறும் கொடுங்கள். அதைவிட நல்ல ரெக்கவரி டிரிங்க் எனக்குத் தெரியவில்லை.

வாரத்துக்கு 200, 250 கிராமுக்கு மேல் ஏற்ற வேண்டாம். இரண்டரை கிலோவுக்கு மூன்று மாதம் ஆகும், சிலருக்கு இன்னும் கூட. புல்-அப்ஸ், ஸ்குவாட், மணல் மூட்டை தூக்கி நடப்பது இவற்றைச் சேருங்கள். ஓட்டத்தை விடக் கூடாது. ஏறுவது சதையா தொப்பையா என்று பார்க்க அரைஞாண் கயிறே போதும்: எடை ஏறும்போது கயிறு இறுகினால் சாப்பாடு கூடிவிட்டது, கயிறு அப்படியே இருந்து தோள்சட்டை இறுகினால் சரியாகப் போகிறது.

ஸ்பாரிங்கையும் (பயிற்சி மோதல்) மாற்ற வேண்டும். 50 கிலோப் பையனோடு மோதிக்கொண்டே 55-க்குத் தயாராக முடியாது. 57, 60 கிலோப் பையன்களோடு, வேகத்தைக் கட்டுப்படுத்தி, வாரம் இரண்டு தடவையாவது ரவுண்டு போட வேண்டும். ஊர் கிளப்பில் அந்த எடையில் ஆள் இல்லையென்றால் பாலக்காடோ கோவையோ போகத்தான் வேண்டும். பஸ் செலவையும் இழக்கிற நேரத்தையும் 55-இன் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

## மூன்றாவது வழி: ஒரு வருடம் பொறுப்பது

பதினேழு, பதினெட்டு வயது, நிஜ எடை 51-க்கும் 52-க்கும் நடுவில். இவன்தான் மிகக் கடினமான கேஸ். 50-க்கு இறக்கலாம், பெரிதாகக் கஷ்டம் தெரியாது. ஆனால் வளரும் வயதில் வருடம் முழுக்கச் சாப்பாட்டைச் சுருக்கினால் வளர வேண்டிய உடம்பு வளராது. ஏறுவதற்கும் எடை இல்லை.

இவனை 51, 52 கிலோவிலேயே 55-இல் மாவட்டப் போட்டிகளுக்கும் நட்பு ஆட்டங்களுக்கும் இறக்கலாம். எடை பற்றிய கவலையே இல்லாமல் சாப்பிடட்டும். மாநிலத் தேர்வுக்கு மட்டும் அவசரப்பட வேண்டாம். 19 வயதில் மூத்தோர் பிரிவுக்குப் போகும்போது உடம்பு தானாகவே 54-ஐத் தொட்டுவிடும் பையன்கள் நிறைய. தொடாவிட்டால், வளர்த்தி நின்றது உறுதி என்ற பிறகு, அப்போது 50-க்குப் போகலாம். அந்த வாய்ப்பு எங்கேயும் ஓடிவிடாது.

இதில் ஒரு நிபந்தனை. மூன்று கிலோ குறைவான பையனை எந்த எதிரியோடு ஏற்றுகிறோம் என்பதில் கோச் கண்ணும் கருத்துமாக இருக்க வேண்டும். அடி கனமாக விழுகிறது என்று தெரிந்தால் டவலை எறிந்து ஆட்டத்தை நிறுத்தத் தயங்காத கோச்சிடம் மட்டுமே இந்த வழி.

## ஒரே பார்வையில்

| பார்ப்பது | 50 கிலோ | 55 கிலோ | ஒரு வருடம் பொறுத்தல் |
|---|---|---|---|
| நிஜ எடை | 51.3 வரை | 52-க்கு மேல் | 51 முதல் 52 |
| வயது | 20-க்கு மேல், வளர்த்தி நின்றவர் | எந்த வயதும் | 17, 18 |
| 2028 ஒலிம்பிக் | இல்லை | உண்டு | 55-க்கு ஏறினால் உண்டு |
| உலகப் போட்டி, தேசியப் போட்டி | உண்டு | உண்டு | அந்த வருடம் இல்லை |
| வேலைச் சான்றிதழ் | சீக்கிரம் வரலாம் | தாமதமாகலாம் | ஒரு வருடம் தள்ளும் |
| மறைமுகச் செலவு | எடை இறக்கும் உடல் வதை, உதவித் திட்டங்களில் பின்னிடம் | முதல் வருடத் தோல்விகள், சாப்பாடு, பஸ் | பொறுமை, நல்ல கோச் |
| யாருக்கு வேண்டாம் | 52-க்கு மேல் உள்ள யாருக்கும் | 51-இல் வளர்த்தி நின்றவருக்கு | 20 தாண்டியவருக்கு |

51.3-க்கும் 52-க்கும் நடுவில், இருபது வயது தாண்டியவர்கள் பலர் இருப்பீர்கள். அங்கே உயரம் தீர்மானிக்கட்டும். ஐந்தடி ஐந்து அங்குலத்துக்கு மேல் என்றால் ஏறுங்கள், சதை பிடிக்க இடமிருக்கிறது. அதற்குக் கீழே என்றால், அதுவும் வேலைதான் இலக்கு என்றால், 50-க்கு ஆறு எட்டு வாரம் முன்கூட்டியே சாப்பாட்டைச் சீராக்கி இறங்குங்கள். கடைசி வாரத்தில் மழைக்கோட்டைத் தேடும் நிலை வந்தால் அந்த எடை உங்களுடையது இல்லை.

## பெண் பிள்ளைகளுக்கு

இவர்களுக்கு விஷயம் நேர் எதிர். பாரிஸில் 50 கிலோவாக இருந்தது 2028-க்கு 51 ஆகியிருக்கிறது, அதாவது ஒலிம்பிக் வாசலில் ஒரு கிலோ கூடுதல் இடம். 48 உலகப் போட்டியில் உண்டு, ஒலிம்பிக்கில் இல்லை. 48-ஐயும் அலட்சியமாகப் பார்க்க வேண்டாம்: லிவர்பூலில் மீனாட்சி ஹூடா உலகத் தங்கம் வாங்கியது அந்த எடையில்தான். மேரி கோமும் 48-இலும் அதற்குக் கீழான எடைகளிலும் உலகப் பட்டங்களாகக் குவித்துவிட்டு, 2012 லண்டன் ஒலிம்பிக்குக்காக 51-க்கு ஏறி வெண்கலம் வாங்கினார்.

நிஜ எடை 49 உள்ள பெண் 48-இல் ஆடலாம். 50, 51, 52 என்றால் 51-தான். பாரிஸில் மல்யுத்தத்தில் வினேஷ் போகத் 50 கிலோ இறுதிப் போட்டிக் காலையில் நூறு கிராம் கூடியதால் வெளியே நின்றதை நாடே பார்த்தது. சின்ன உடம்பில் கடைசி நூறு கிராம் எவ்வளவு கடினம் என்று தராசில் நின்ற பெண்களுக்குத் தெரியும். எடை குறைப்பில் மாதவிடாய் தள்ளிப் போனால் அது உடம்பு கொடுக்கும் எச்சரிக்கை. போட்டி வரை பார்க்கலாம் என்று விடாமல் டாக்டரிடம் கூட்டிப் போங்கள், இரத்தத்தில் இரும்புச் சத்தும் பார்க்கச் சொல்லுங்கள்.

போன சீசனில் ஒரு அம்மா போன் செய்து கேட்டார்: "ஏனுங்க மாஸ்டர், புள்ள ரெண்டு நாளா தண்ணியே குடிக்க மாட்டேங்குறாளுங்க, கேட்டா மெடல் வேணும்ங்கறா. நான் என்னங்க பண்றது?" தண்ணீர் கொடுங்கள் அக்கா, சோறும் போடுங்கள், கோச்சிடம் நான் பேசுகிறேன் என்றேன். அந்தப் பெண்ணை 51-இல் பதிவு செய்யச் சொல்லி, எடை எழுதிய நோட்டுப் புத்தகத்தைக் கோச்சிடம் கொடுத்தனுப்பினோம். உங்கள் வீட்டிலும் போட்டிக்குப் பெயர் கொடுக்கும் முன் அந்த இரண்டு வார நோட்டு தயாராக இருக்கட்டும். படிவத்தில் எடையைப் பயிற்சியாளர் நிரப்பும்போது பெற்றோரில் ஒருவராவது பக்கத்தில் இருங்கள்.